வெச்ச இடத்துல காணோம்!

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு என் போன் அடித்தால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, யாராவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அல்லது பெரியப்பா கூப்பிட வேண்டும். அன்றைக்கு நல்லவேளையாக இரண்டாவது.

"டேய், பேங்க்ல என் பணத்தைத் தூக்கி வேற எங்கயோ வெச்சிட்டானுங்கடா!"

பதறியடித்து வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். இந்தக் காலத்தில் வங்கிக் கணக்கு என்றதும் மனசு முதலில் போகிற இடம் மோசடிதானே? போய்ப் பார்த்தால் பணம் பத்திரமாக, இருந்த இடத்திலேயே இருந்தது. அதைக் காட்டுகிற ஆப்தான் ராத்திரியோடு ராத்திரியாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, வேறு முகத்தோடு உட்கார்ந்திருந்தது.

பெரியப்பாவுக்கு 73 வயது. ஒரு நூற்பாலையில் 35 வருஷம் கணக்கு எழுதியவர். அவரிடம் 80 பக்க நோட்டு ஒன்று உண்டு. அந்த ஆப்பில் என்ன செய்யவேண்டும் என்றாலும் அதில் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி வைத்திருப்பார். 'பேலன்ஸ் பார்க்க: இடப்பக்க மூலையில் மூன்று கோடு, தொடவும். வரும் பட்டியலில் ஐந்தாவது வரி, தொடவும். நீலக் கட்டம், தொடவும்.' இரண்டு வருஷமாக இந்த நோட்டை வைத்துக்கொண்டு, யார் தயவும் இல்லாமல் கரண்ட் பில் வரைக்கும் கட்டிக்கொண்டிருந்தவர்.

இப்போது மூன்று கோட்டைக் காணோம். நீலக் கட்டம் ஊதாவாகிவிட்டது. நேற்று வரை பேலன்ஸ் காட்டிய ஐந்தாவது வரி, தனிநபர் கடன் வேண்டுமா என்று பல்லைக் காட்டுகிறது.

"இந்த வயசுல எனக்கு எதுக்குடா லோனு?"

"மாத்தினதைப் பத்தி அவங்க ஒண்ணுமே சொல்லலையா பெரியப்பா?"

"சொன்னானே. தொறந்த உடனே கலர் கலரா நாலு படம் காட்டினான். 'புதிய அனுபவத்துக்கு நல்வரவு'ன்னான். அடுத்து, அடுத்து, அடுத்துன்னு அமுக்கினேன். கடைசியில 'புரிந்தது'ன்னு ஒரு பட்டன். அதையும் அமுக்கினேன்."

"புரிஞ்சுதா?"

"புரியலை. ஆனா வேற பட்டனே இல்லையேடா!"

இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்கே அந்த ஒரு வரிதான் காரணம்.

*

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். சாஃப்ட்வேர் எழுதத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பற்று, வரவு. ஒருத்தருக்கு லாபம் என்று எழுதினால், அந்தச் செலவு யார் பக்கம் போயிருக்கிறது என்று தேடுகிற புத்தி. அந்தப் புத்தியோடுதான் இதைப் பார்க்கிறேன்.

மென்பொருளை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீடு என்றால் ஒரு நாள் வெள்ளையடிக்கத்தான் வேண்டும். தேவைப்பட்டால் சுவரை இடிக்கவும் வேண்டும். என் கேள்வி வேறு. மாற்றிய பிறகு, அந்த வீட்டில் இருட்டில்கூட சுவிட்சைச் சரியாகத் தட்டிக்கொண்டிருந்தவருக்கு என்ன உதவி செய்தீர்கள்? 'இடைமுகம்' என்று நல்ல தமிழில் சொல்கிறார்களே, அதை மாற்றுகிறவர்கள் செய்கிற உதவிகளை வரிசையாக வைத்து மார்க் போட்டால் எப்படி இருக்கும் என்று பார்ப்போம்.

நம்மில் பலர் நேரடியாக அடிபட்ட கேஸிலிருந்தே ஆரம்பிக்கலாம். மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2007.

கம்பெனிகளுக்கு 2006 நவம்பர் கடைசியிலும், மற்றவர்களுக்கு 2007 ஜனவரி கடைசியிலும் வந்தது. அதுவரை ஃபைல், எடிட், வியூ, இன்செர்ட் என்று மேலே சமர்த்தாக வரிசையில் நின்ற மெனுக்கள் வேர்டிலும் எக்செலிலும் காணாமல் போயின. அந்த இடத்தில் அகலமாக ஒரு பட்டை. ரிப்பன் என்று பெயர். 'பேஸ்ட் ஸ்பெஷல் எங்கே சார் போச்சு?' என்று கேட்காத கணக்குப் பிள்ளை அப்போது கிடையாது.

நியாயமாகப் பேசினால், அவர்கள் சும்மா விளையாட்டுக்கு மாற்றவில்லை. வேர்டின் முதல் பதிப்பில் சுமார் 100 கட்டளைகள்தான். 2003 பதிப்பில் 1500-ஐத் தாண்டிவிட்டது. கருவிப் பட்டைகள் மட்டும் 31. ஒரு பீரோவில் 31 இழுப்பறை இருந்தால் எதில் எதை வைத்தோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆபீஸ் 2000-ல் இதற்கு ஒரு வைத்தியம் செய்து பார்த்தார்கள். நீங்கள் அடிக்கடி தொடாத மெனு வரிகளை அதுவே ஒளித்து வைக்கும். வேண்டும் என்றால் கீழே இருக்கும் இரட்டை அம்பை அமுக்கித் திறக்க வேண்டும். நேற்று நான்காவதாக இருந்தது இன்றைக்கு இரண்டாவதாக இருக்கும். வேலைக்காரி தினமும் அலமாரியை அடுக்கி வைத்த மாதிரி. எல்லாம் நேர்த்தியாக இருக்கும், எதுவும் கைக்குக் கிடைக்காது.

ரிப்பனுக்கு முன்னால் அவர்கள் மக்கள் என்ன அமுக்குகிறார்கள் என்று கணக்கும் எடுத்தார்கள். சம்மதித்த பயனர்களிடமிருந்து மட்டும். வேர்டில் அதிகம் பயன்பட்ட கட்டளை பேஸ்ட். மொத்தத்தில் 11 சதவீதத்துக்கும் மேல். பேஸ்ட், சேவ், காப்பி, அண்டூ, போல்டு இந்த ஐந்து மட்டும் சேர்ந்து கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. ஆக, கண்ணை மூடிக்கொண்டு செய்த காரியம் இல்லை. மாற்றம் சரியான மாற்றம்தான். இன்றைக்கு முதல்முதலாக வேர்டைத் திறக்கிற கல்லூரிப் பெண்ணுக்கு ரிப்பன் ஒரு பிரச்னையே இல்லை.

சரி, பழைய ஆட்களுக்கு என்ன செய்தார்கள்?

ஒரு நல்ல காரியம் செய்தார்கள். திரையில் பழைய வேர்டைப் படம்போல வரைந்து வைத்தார்கள். உங்களுக்குப் பழகிய பழைய மெனுவில் போய், பழகிய வரியை நீங்கள் அமுக்கினால் போதும். அது புதிய வேர்டில் எங்கே இருக்கிறது என்று அதுவே போய்க் காட்டும். அற்புதமான யோசனை! ஏனென்றால் பயனர் எந்த இடத்தில் நிற்கிறாரோ அந்த இடத்திலிருந்து அவர் கையைப் பிடித்து அழைத்துப் போகிறது. 'எங்கள் புதுமையைப் பார்' என்று சொல்லவில்லை. 'உன் பழைய சாமான் இங்கே இருக்கிறது' என்று சொன்னது.

ஆனால் அதை எங்கே வைத்தார்கள்? இணையத்தில். தேடிப் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். சேவ் எங்கே என்று தெரியாமல் முழிக்கிறவன், உதவி எங்கே என்று மட்டும் கண்டுபிடித்துவிடுவானாக்கும்!

இன்னொரு நல்ல காரியத்தைச் சத்தமே இல்லாமல் செய்தார்கள். எக்செல் 2003-ல் ஆல்ட் அமுக்கி, ஈ, எஸ், வி என்று தட்டினால் சூத்திரம் இல்லாமல் மதிப்பு மட்டும் ஒட்டும். எடிட் மெனுவே ஒழிந்துபோன பிறகும் அந்தத் தட்டல் வேலை செய்தது. மெனு செத்துவிட்டது, அதன் சாவி உயிரோடு இருந்தது. கண்ணால் தேடுகிறவர்கள் தவித்தார்கள். விரலால் வேலை செய்கிறவர்கள் தப்பித்தார்கள்.

சறுக்கிய இடமும் உண்டு. ஃபைல் என்ற வார்த்தையை எடுத்துவிட்டு மூலையில் வட்டமாக ஒரு சின்னத்தை வைத்தார்கள். சேவ் ஆஸ், பிரிண்ட் எல்லாம் அதற்குள்ளே. பார்த்தால் பட்டன் மாதிரியே இருக்காது. கம்பெனி முத்திரை, சும்மா அழகுக்கு வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு ஆட்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஆபீஸ் 2010-ல் வட்டத்தைத் தூக்கிவிட்டு ஃபைல் என்ற வார்த்தையையே திரும்பக் கொண்டுவந்தார்கள். ரிப்பனை அவரவர் வசதிக்கு மாற்றி அமைத்துக்கொள்ளும் உரிமையும் 2010-ல்தான் ஒழுங்காகக் கிடைத்தது.

அதே 2010-ல் 'ரிப்பன் ஹீரோ' என்று ஒரு விளையாட்டையும் வெளியிட்டார்கள். வேர்டிலும் எக்செலிலும் சின்னச் சின்ன வேலைகளைச் செய்தால் பாயிண்ட் கிடைக்கும். 2011-ல் வந்த இரண்டாம் பாகத்தில் கதாநாயகன் யார் தெரியுமா? ஆபீஸ் 97-ல் வந்து, நாம் கடிதம் எழுத ஆரம்பித்தாலே 'உதவட்டுமா' என்று கண்ணை உருட்டி எல்லோர் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொண்டானே, அந்தக் காகிதக் கிளிப் பயல்! சுவாரசியமான விளையாட்டுதான். ஆனால் ரிப்பன் வந்து மூன்று வருஷம் கழித்து. கல்யாணம் முடிந்து, குழந்தையும் பிறந்த பிறகு பெண் பார்க்கப் போன கதை.

என் தீர்ப்பு: வீடு நன்றாகத்தான் கட்டினார்கள். கிரகப்பிரவேசத்தில் பழைய குடித்தனக்காரரை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டார்கள்.

*

இதைவிட மோசமான கிரகப்பிரவேசமும் உண்டு. விண்டோஸ் 8.

கொஞ்சம் பின்னால் போகலாம். 1990-ல் வந்த விண்டோஸ் 3.0-வோடு சாலிட்டேர் என்ற சீட்டாட்டத்தைக் கொடுத்தார்கள். நாமெல்லாம் ஆபீஸ் நேரத்தில் ஆடிக் கெட்டுப்போனோமே, அதுவேதான். மவுஸையே பார்த்திராத ஜனங்களுக்கு அதைப் பிடித்து இழுத்து விடுகிற பழக்கத்தைக் கையில் ஏற்றிவிட்டது அந்தச் சீட்டாட்டம்தான். பாடம் என்று யாரும் சொல்லவில்லை. 'புரிந்தது' பட்டனும் இல்லை. ஆனால் புரிந்தது!

1995-ல் விண்டோஸ் 95 வந்தபோது மூலையில் ஸ்டார்ட் பட்டன் புதுசு. என்ன செய்தார்கள்? முதல்முறை திறந்ததும் கீழே இருக்கிற பட்டையில், 'ஆரம்பிக்க இங்கே தட்டவும்' என்ற வாசகம் ஓர் அம்புக்குறியோடு நகர்ந்து வந்து, அந்தப் பட்டனில் போய் முட்டி நிற்கும். ஊமையாலும்கூடத் தப்பாகப் புரிந்துகொள்ள முடியாது. பக்கம் பக்கமாக விளக்கம் கிடையாது. ஒரே ஓர் அம்பு.

அதே கம்பெனி, 17 வருஷம் கழித்து, 2012 அக்டோபர் 26-ல் விண்டோஸ் 8-ஐ வெளியிட்டது. அந்த ஸ்டார்ட் பட்டனையே எடுத்துவிட்டார்கள். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான விரல்கள் 17 வருஷமாகப் போய்ப் போய்ப் பழகிய மூலை, காலி. கம்ப்யூட்டரை அணைக்க வேண்டும் என்றால் மவுஸை வலது மூலைக்குக் கொண்டு போய், எங்கிருந்தோ எட்டிப் பார்க்கிற பட்டையில் செட்டிங்ஸ் தட்டி, அதில் பவர் தட்டி, அப்புறம்தான் ஷட் டவுன். இதற்குக் கொடுத்த பயிற்சி என்ன? முதல்முறை உள்ளே போகும்போது, 'மவுஸை ஏதாவது ஒரு மூலைக்குக் கொண்டு போங்கள்' என்று ஒரு சின்ன அசைபடம். அவ்வளவுதான். அந்த நிமிஷம் டீ குடிக்கப் போனவர் போனவர்தான்.

தொடுதிரைக் காலம் வருகிறது, அதற்கு ஏற்றபடி மாற வேண்டும் என்ற அவர்கள் கணக்கைத் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் இருந்த பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் தொடுதிரை இல்லையே! வராத விருந்தாளிக்காக, இருக்கிற ஆளை எழுப்பித் திண்ணையில் உட்கார வைத்த மாதிரி.

முடிவு தெரிந்ததுதான். 2013 அக்டோபரில் 8.1 வந்தபோது பட்டன் திரும்ப வந்தது. அதோடு எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று சொல்லும் குறிப்புகளும் வந்தன. 2014-ல் அணைக்கிற பட்டனை எடுத்து முகப்பிலேயே வைத்தார்கள். 2015 ஜூலையில் விண்டோஸ் 10-ல் ஸ்டார்ட் மெனுவே திரும்பிவிட்டது. 2021-ல் விண்டோஸ் 11 வந்தபோது ஸ்டார்ட்டை நடுவுக்கு நகர்த்தினார்கள். ஆனால் பழையபடி இடப்பக்கம் வேண்டுமா, மாற்றிக்கொள் என்று ஒரு வசதியையும் சேர்த்தே கொடுத்தார்கள். பட்டுத் தெரிந்துகொண்டார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

*

அப்படியானால் ஒழுங்காக உதவி செய்தவர்களே கிடையாதா? உண்டு. அதே கம்பெனியேதான்! இதுதான் இந்தக் கதையில் ருசியான இடம்.

நான் பி.காம். படித்த நாட்களில் கம்ப்யூட்டர் சென்டர்களில் லோட்டஸ் 1-2-3 இன்னும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1983-ல் வந்த விரிதாள் மென்பொருள் அது. ஒரு காலத்தில் கணக்கு உலகத்தின் சக்கரவர்த்தி. அதில் எதைச் செய்வதானாலும் முதலில் சாய்கோட்டைத் தட்ட வேண்டும். தட்டினால் மெனு வரும். லட்சக்கணக்கான கணக்கர்களின் சுண்டு விரலுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி.

இவர்களை எக்செலுக்கு இழுக்க வேண்டும். என்ன செய்தது மைக்ரோசாஃப்ட்? எக்செலிலும் சாய்கோட்டைத் தட்டினால் மெனு வருகிற மாதிரி வைத்தது. லோட்டஸ்காரர்களுக்கென்றே தனி உதவிப் பகுதி. உங்களுக்குத் தெரிந்த லோட்டஸ் கட்டளையை அங்கே கொடுங்கள். எக்செலில் அதை எப்படிச் செய்வது என்று அது சொல்லும். வேண்டும் என்றால் உங்கள் தாளிலேயே செய்தும் காட்டும். இதைவிட ஒரு மாமியார், புது மருமகளைத் தாங்க முடியுமா?

லோட்டஸ் விற்பனை 2013-லேயே நின்றுவிட்டது. நீங்கள் இன்றைக்கு விண்டோஸில் எக்செலைத் திறந்து சாய்கோட்டைத் தட்டிப் பாருங்கள். மேலே ரிப்பனில் எழுத்துகள் முளைக்கும். நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு விரல் பழக்கத்துக்கு இன்னமும் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்த வீட்டு வாடிக்கையாளருக்கு இத்தனை மரியாதை. சொந்த வாடிக்கையாளருக்கு 'மவுஸை மூலைக்குக் கொண்டு போ.' ஏன்? பி.காம். புத்திக்கு இது கஷ்டமான கணக்கு இல்லை. லோட்டஸ்காரர் வராமலே போய்விடலாம். அவரைக் கெஞ்ச வேண்டும். நீங்களும் நானும் ஏற்கெனவே உள்ளே மாட்டிக்கொண்டவர்கள். எங்கே போய்விடுவோம்? ஜவுளிக் கடையில் வாசலில் நிற்கிற வரைக்கும் 'வாங்கம்மா, வாங்க', பில் போட்ட பிறகு 'அந்தப் பக்கம் போங்க'. மென்பொருள் தருகிற உதவியின் தரம், பயனர் வெளியே போக முடியுமா என்பதைப் பொறுத்துத்தான் பெரும்பாலும் அமைகிறது. பெரியப்பா தன் பென்ஷன் கணக்கைத் தூக்கிக்கொண்டு வேறு வங்கிக்குப் போகப் போவதில்லை. ஆகவே நாலு கலர் படம் போதும்.

எல்லோரும் அப்படியில்லை என்பதையும் சொல்லவேண்டும். நம் ஊர்க் கடைக்காரர்களும் ஆடிட்டர்களும் நம்பியிருக்கிற டாலி, 2020-ல் டாலி பிரைம் என்று புது முகம் போட்டது. முகப்பு மாறியது, மெனுக்கள் மேலே போயின. ஆனால் பணம் கொடுத்தால் எஃப்5, வாங்கினால் எஃப்6, ஜர்னலுக்கு எஃப்7, விற்பனைக்கு எஃப்8, கொள்முதலுக்கு எஃப்9. இவற்றின் மீது கை வைக்கவில்லை. ஒரு நாளைக்கு 200 பில் போடுகிற பையனின் விரல் பிழைத்தது. என்ன வேண்டும் என்று பெயரைத் தட்டினால் அங்கேயே கொண்டுபோய் விடுகிற 'கோ டூ' வசதியும் சேர்ந்தது. கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் எஃப்1 உதவிக்குப் போய், அந்த வேலை எஃப்3-க்கு வந்தது. கிரெடிட் நோட்டும் டெபிட் நோட்டும் வேறு சாவிகளுக்கு மாறின. தினமும் சரக்கு திரும்பி வருகிற கடைக்காரர்கள் நாலு நாள் திட்டியிருப்பார்கள். ஆனாலும் கணக்கு புரிகிறது இல்லையா? தினம் நூறு தடவை தொடுவதைத் தொடாதே. எப்போதாவது தொடுவதை மாற்று. மார்க் போடுகிறேன்.

தமிழ்த் தட்டச்சிலும் இதைப் பார்த்திருக்கிறோம். 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு தமிழ்99 என்ற விசைப்பலகை வந்தது. கற்றுக்கொள்ள எளிது. ஆனால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயரும் ஹையரும் பாஸ் பண்ணிவிட்டு, பழைய தட்டச்சு முறையில் பறந்துகொண்டிருந்தவர்களை என்ன செய்வது? என்.எச்.எம். ரைட்டர் மாதிரி மென்பொருள்கள் தமிழ்99, பழைய தட்டச்சு முறை, ஆங்கில எழுத்தில் உச்சரிப்பை அடிக்கிற முறை எல்லாவற்றையும் கொடுத்து, உனக்கு எது வருமோ அதை அடி என்றன. அதனால்தான் அந்தத் தலைமுறையும் கணினிக்குள் வந்து சேர்ந்தது.

*

'பழையதையே கட்டிக்கொண்டு அழச் சொல்கிறீர்களா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கும் எக்செலிலேயே பதில் இருக்கிறது. ஒரு கட்டத்தில் 60 என்று அடித்து, அதைத் தேதியாக மாற்றிப் பாருங்கள். 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாளே உலகத்தில் விடியவில்லை! 1900 லீப் வருஷம் கிடையாது. லோட்டஸில் இருந்த தப்பு அது. லோட்டஸ் கோப்புகள் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே எக்செலிலும் வைத்தார்கள். இன்றைக்கு வரை எடுக்க முடியவில்லை. பழசுக்கு மரியாதை கொடுத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் இல்லாத நாளையும் காலண்டரில் சேர்த்துச் சுமக்க வேண்டியதுதான்.

ஆகவே மாற்றுங்கள். நான் கேட்பது நாலே நாலுதான்.

ஒன்று, புதுசை விளக்குவதற்கு முன்னால் பழசு எங்கே போயிற்று என்று சொல்லுங்கள். குடி மாறினவன் கதவில் புது விலாசத்தை ஒட்டிவிட்டுத்தானே போகிறான்?

இரண்டு, அந்த உதவியை வேலை நடக்கிற இடத்திலேயே, தேவைப்படுகிற நிமிஷத்தில் கொடுங்கள். திறந்த உடனே நாலு படம் காட்டுவது, பஸ் ஏறும் முன்பே எல்லா ஸ்டாப்பையும் ஒப்பிப்பது மாதிரி. இறங்க வேண்டிய இடத்தில் குரல் கொடுத்தால் போதும்.

மூன்று, கொஞ்ச நாளைக்காவது பழைய வாசலை மூடாதீர்கள். என்றைக்கு மூடப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

நான்கு, 'புரிந்தது' பட்டனுக்குப் பக்கத்தில் 'புரியவில்லை' என்று ஒரு பட்டன் வையுங்கள். அதை எத்தனை பேர் அமுக்குகிறார்கள் என்று எண்ணுங்கள். அப்போது தெரியும் உங்கள் வடிவமைப்பின் லட்சணம்.

*

கம்பெனிகளைத் திட்டியாயிற்று. இனி என்னைத் திட்டிக்கொள்ள வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்தேன்? பெரியப்பா கையிலிருந்து போனை வாங்கினேன். டக் டக்கென்று நாலு தட்டு. பேலன்ஸ் வந்தது. "இவ்ளோதான் பெரியப்பா, ரொம்ப ஈஸி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவரும் தலையை ஆட்டினார். யோசித்துப் பார்த்தால், நானும் ஒரு 'புரிந்தது' பட்டனைத்தான் அவருக்கு வைத்திருந்தேன். அவரும் அமுக்கியிருக்கிறார்.

மூன்று வாரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. தெருமுனை மருந்துக் கடைப் பையனிடம் போனை நீட்டி, ரகசிய எண்ணையும் வாயால் சொல்லி, கரண்ட் பில் கட்டச் சொல்லியிருக்கிறார். நல்ல பையன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. 35 வருஷம் மில்லின் கல்லாப் பெட்டிக் கணக்கை ஒரு பைசா பிசகாமல் வைத்திருந்த மனுஷன், தன் சொந்தப் பெட்டியின் சாவியைத் தெருவில் நீட்டுகிறார். என்ன காரணம்? ஒரு கட்டம் நீலத்திலிருந்து ஊதாவாக மாறியது.

"என்னைக் கேட்டிருக்கலாம்ல பெரியப்பா?"

"கேட்டா நீ பிடுங்கிட்டுப் போயிடுறியேடா" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். முதல் காரியமாக ரகசிய எண்ணை மாற்றினோம். அப்புறம் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். போன் அவர் கையில். தட்டுவது அவர். நான் வாயால் மட்டும் சொல்வது. ரெண்டு நிமிஷ வேலைக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை கை பரபரத்தது. அடக்கிக்கொண்டேன். நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவருக்குச் சொல்லிக் கொடுக்கும்போது கையைக் கட்டிக்கொள்ளுங்கள். இதைவிடப் பெரிய டெக்னிக் எதுவும் கிடையாது.

ஐந்தாவது வரி, ஊதாக் கட்டம் என்று இடத்தையும் நிறத்தையும் எழுதாமல், அங்கே இருக்கிற வார்த்தையை எழுதச் சொன்னேன். நிறம் மாறும், இடம் மாறும். 'இருப்பு' என்கிற வார்த்தை அவ்வளவு சீக்கிரம் மாறாது.

பெரியப்பா நோட்டில் ஒரு புதுப் பக்கம் திருப்பினார். அடிக்குச்சியை வைத்துக் கோடு போட்டார். பேரேடு எழுதின கை அல்லவா? இடப்பக்கம் தலைப்பு: 'பழைய இடம்.' அடுத்து: 'புது இடம்.' வரிசையாக எழுதிக்கொண்டே போனார். பேலன்ஸ், கரண்ட் பில், பணம் அனுப்ப, பாஸ்புக். மொத்தம் 11 வரி. பழையது எங்கே போயிற்று என்று அந்த வங்கி யாருக்கும் சொல்லாமல் விட்ட பட்டியல், ஒரு ரூபாய் செலவில்லாமல் அரை மணி நேரத்தில் தயாராகிவிட்டது.

முடித்துவிட்டு, பக்கத்தில் மூன்றாவதாக இன்னொரு கோடு போட்டார். அந்தப் பத்தியில் ஒன்றும் எழுதவில்லை.

"இது எதுக்குப் பெரியப்பா?"

"திரும்பவும் மாத்துவானுங்கள்ல?" என்றார்.